உடம்பிலேயே தங்கிவிடும் வைரஸ்

சின்னம்மை ஆறிவிடும், அதன் வைரஸ் போகாது. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, வயதான காலத்தில் அக்கியாக வெளியே வரும். அதே ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோர் உடம்பில் இது இருக்கிறது. தாய்ப்பால், எச்சில் வழியாகச் சிறுவயதிலேயே தொற்றிவிடும். பலருக்கு ஒரு காய்ச்சல்கூட வராது என்பதால், வந்ததே தெரியாமல் போகிறது.

நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு மட்டும் நன்றாகத் தெரியும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களில் ஒளிந்துகொண்டு, இந்த வைரஸ் அவ்வப்போது தலைதூக்கும். ஒவ்வொரு முறையும் டி செல்கள் எனும் வெள்ளை அணுக்கள் அதை அடக்க வேண்டும். வழக்கமாக ஒரு கிருமி ஒழிந்ததும், அதற்காகப் பெருகிய டி செல்களில் பெரும்பகுதி மடிந்து, கொஞ்சம் மட்டும் அந்தக் கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்களாகத் தங்கும். சி.எம்.வி. ஒழிவதே இல்லையே! அதனால் அந்தப் படை கலையாமல், வயது ஏற ஏறப் பெருத்துக்கொண்டே போகிறது. தொற்று உள்ளவரின் நினைவு டி செல்களில் சராசரியாகப் 10 சதவீதம் இந்த ஒரே வைரஸுக்காக நிற்கிறது. சில முதியவர்களிடம் இன்னும் அதிகம்.

இதற்கிடையே நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கி, புதிய டி செல்களின் வரத்தும் குறைகிறது. பழைய காவலர் கூட்டம் பெருக, புதியவர்கள் அருகிப் போகிறார்கள்.

2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 210 இரட்டையர்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு சி.எம்.வி. இருந்து மற்றவருக்கு இல்லாதபோது, அளந்து பார்த்த எதிர்ப்பு மண்டலக் கூறுகளில் பாதிக்கு மேல் வேறுபட்டிருந்தன. பிறவியில் வந்ததை ஒரு வைரஸ் இவ்வளவு மாற்றுகிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சரி, இது கெடுதல் மட்டும்தானா? அப்படி முடிவுகட்டுவது அவசரம் என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், சி.எம்.வி. உள்ள இளைஞர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி நன்றாகவே வேலை செய்தது. வேறொரு ஆய்வில், வாழ்நாள் முழுக்கத் தொற்றோடு இருந்த வயதான எலிகள், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தாக்கியபோது, தொற்றில்லாத எலிகளைவிடப் பலவகையான டி செல்களை இறக்கின.

அந்தப் படை எதற்கு நிற்கிறது என்பது சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்தவர்களிடம் தெரியும். புதிய உறுப்பை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தரும் மருந்து டி செல்களையும் தளர்த்திவிடும். அப்போது சி.எம்.வி. நுரையீரல், குடல் என்று பரவக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் மாதக்கணக்கில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.