தொட்டிக்குள் ஒரு குன்று

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகும் சாலையில், மேடு பள்ளம் அதிகமில்லாத செம்மண் நிலத்தின் நடுவே குன்றக்குடி மலை தனித்து எழுந்து நிற்கும். சுற்றிலும் தாழ்ந்த பசுமை, நடுவில் கல், மேலே வானம். வேறெதுவும் கண்ணை இழுப்பதில்லை. நீர்த்தாவரத் தொட்டி வளர்ப்பில் ‘இவாகுமி’ என்று ஜப்பானியர் சொல்லும் பாறை அமைப்பின் இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவுதான். தாழ்வாகப் படரும் ஓரிரு செடிகள், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கற்கள், மீதி வெற்றிடம். ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) 1980களில் இந்த அமைப்பை மீன்தொட்டிக்குள் கொண்டுவந்தார். பார்க்க எளிமையான இதுதான் நீர்த்தாவரத் தொட்டிகளிலேயே நிலைநிறுத்தக் கடினமானது. வேகமாக வளர்ந்து, தண்ணீரிலுள்ள மிகைச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் செடிகள் இதில் இல்லாததால், தொட்டியின் வேதியியல் பிசகினால் அதை மூடிமறைக்க எதுவும் இருக்காது.

கற்களுக்குள் ஒரு குடும்ப முறை உண்டு. எல்லாவற்றிலும் பெரியது ‘ஓயாயிஷி’, அதாவது பெற்றோர் கல். அது தொட்டியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை எழும்பலாம், ஆனால் நட்ட நடுவில் அமராமல் ஒரு பக்கமாக, நீளத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் கோட்டை ஒட்டி அமரும். அடுத்த பெரிய கல்லும் துணைக் கற்களும் அதன் சாய்வையே பின்பற்றுகின்றன. கல்லின் வரிகள் எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும், ஏனெனில் இயற்கையில் ஒரே பாறை உடைந்து சிதறினால் வரிகள் அப்படித்தான் இருக்கும். கடைசியாக வரும் ‘சுத்தேயிஷி’ செடிக்குள் மறைந்துபோனாலும் பரவாயில்லை என்று வைக்கப்படும் சிறு கல். கண்ணாடியின் மேல் நேரடியாகக் கல்லை வைக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தட்டையோ நுரைத்தாளையோ விரித்துக்கொள்வது நல்லது.

பின்பக்கம் மண்ணை ஏன் உயர்த்த வேண்டும் என்பதற்கு அழகியலை விட ஒளியியலே சரியான விடை தருகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே முன்கண்ணாடி வழியாகப் பார்க்கும் நமக்கு 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி ஏறத்தாழ 22 செ.மீ. ஆழமாகவே தெரியும்; ஊருணிப் படிக்கட்டு மேலெழும்பித் தெரிவதும் இதே காரணத்தால்தான். இழந்த இந்த ஆழத்தை மீட்கவே முன்னால் 3 செ.மீ., பின்னால் 10 செ.மீ. என்று மண் சரிவாகப் போடப்படுகிறது. பெரிய கற்களை முன்னும் சிறியவற்றைப் பின்னும் வைத்தால் கண் ஏமாந்து, தொலைவு இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

இனி கல்லுக்கே வருவோம். கல்லைத் தொட்டிக்குள் வைக்கும் பலரும் அதை ஒரு சிற்பத்தைப் போல, தண்ணீரோடு எந்த உறவும் இல்லாத பொருளாக நினைக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பளிங்கு போல மின்னும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு, நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை உள்வாங்கி மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடியும் கல்லாக, இறுகியதால் உண்டானது. தொட்டிக்குள் இதற்கு எதிர்த்திசையில் வேலை நடக்கிறது. செடிகளுக்காக நாம் செலுத்தும் கார்பன்-டை-ஆக்சைடு தண்ணீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டால், கரையாத கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறித் தண்ணீருக்குள் போய்விடுகிறது. சுவரைக் கட்டிய அதே வாயு தொட்டியில் கல்லைக் கரைக்கிறது. ‘செய்ரியு’ என்ற பெயரில் கடைகளில் விற்கும், வெண்ணிற நரம்போடிய சாம்பல் நிறக் கற்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துள்ளவை. நாள்தோறும் வாயு செலுத்தும் தொட்டியில் அவை தண்ணீரின் கடினத்தன்மையையும், அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவையும் விடாமல் உயர்த்திக்கொண்டிருக்கும்.

ஒரு கல் எந்த வகை என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், கழிவறை கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டைக் காய்ந்த கல்லின் மேல் விட்டால் போதும். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட் இருக்கிறது. சோதித்த கல்லை நன்றாகக் கழுவிவிட வேண்டும். நம் பக்கத்துக் கருங்கல் நுரைக்காது, செம்புறாங்கல்லும் நுரைக்காது. சிமெண்டு கலந்த எதையும், உடைந்த ஆத்தங்குடிக் கல்லின் வண்ணத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், தொட்டிக்குள் போடாதீர்கள். சிமெண்டிலிருந்து கசியும் கால்சியம் ஹைட்ராக்சைடு பி.எச். அளவைச் சுண்ணாம்புக் கல்லை விட வேகமாக ஏற்றிவிடும்.

செம்புறாங்கல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெப்பமும் மழையும் மாறிமாறி நெடுங்காலம் தாக்கியதில் பாறையிலிருந்த சிலிக்காவும் கால்சியம் போன்ற காரப் பொருள்களும் கழுவப்பட்டுப்போக, எஞ்சிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகி உருவானது அது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கேரளத்து அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு, லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1807இல் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். 1980களில் ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் இந்த லேட்டரைட்டை வெப்பநாடுகளிலிருந்து வரவழைத்துத் தொட்டியின் சரளைக்கு அடியில் பரப்பினார்கள் என்பதை, செம்மண்ணை உதறிவிட்டு வீட்டுக்குள் நுழையும் நமக்குக் கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். அவர்கள் செய்ததில் காரணம் இருந்தது. ஆக்சிஜன் உள்ள நீரில் இரும்பு துருவாகக் கிடக்கும். செடியால் அதை எடுக்க முடியாது. ஆனால் மண்ணின் அடியடுக்கில் ஆக்சிஜன் குறைந்ததும், அங்குள்ள பாக்டீரியாக்கள் துருவிலுள்ள இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. வேர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பு ஆக்சைடு பாஸ்பேட்டையும் பற்றிக்கொள்வதால் மேலே நீரில் பாசிக்குக் கிடைக்கும் தீனியும் குறைகிறது. ஆகவே கடையில் விற்கும் சுட்ட மண் உருண்டைகளுக்கு அடியில், களிமண் கலக்காத, கழுவிய செம்புறாங்கல் சில்லுகளை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பலாம். மேலே நிறுத்தும் கல்லாகவும் அது பொருந்தும் என்பதே என் கருத்து. அதன் புழைகள் ‘மாஸ்’ எனப்படும் பாசிச்செடி பற்றிக்கொள்ளத் தோதானவை. வெளிறி உதிரும் கல்லை விட்டுவிட்டு, தட்டினால் கணீரென்று ஒலிப்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தால் போதும்.

கரையாத கல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் தண்ணீர் நம் விருப்பப்படி இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் அளவுக்குப் பல வீடுகளில் கடினமாக இருக்கிறது. மறுபுறம், வளவு முற்றத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைநீரில் கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை. காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை மட்டும் கரைத்துக்கொண்ட தூய மழைநீரின் பி.எச். அளவு 5.6 அளவில் நிற்கும். இரண்டையும் கலப்பதே வழி. கிணற்று நீரின் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, 12 பாகை என்று சோதனையில் தெரிந்தால், ஒரு குடம் கிணற்று நீருக்கு இரண்டு குடம் மழைநீர் சேர்த்தால் 4 பாகைக்கு இறங்கிவிடும். தரைவிரிப்புச் செடிகளுக்கு அது போதும். முதல் மழையில் ஓட்டின் தூசி கழுவப்பட்டுப் போகட்டும், அடுத்த மழையைப் பிடியுங்கள். பிடிக்கும் பாத்திரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: முன்னோர் வைத்த செப்பு அண்டாவும் பித்தளைத் தவலையும் இதற்கு ஆகாது. அமிலத்தன்மையுள்ள மென்னீர் செம்பை நுண்ணளவில் கரைக்கும். அந்த அளவே இறால்களைக் கொல்லப் போதுமானது. பாட்டி வீட்டு அண்டாவில் நிறைத்த நீரை ஊற்றி இரண்டே நாளில் இறால்களை எல்லாம் இழந்த பிறகுதான் நான் பிளாஸ்டிக் பீப்பாய்க்கு மாறினேன்.

மழைநீரை மட்டுமே ஊற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும், புதிதாகப் போட்ட சத்து மண்ணிலிருந்தும் அம்மோனியா வெளிவருகிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015இல்தான் தெரியவந்தது. இந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகிறது. அம்மோனியா வடிவிலுள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மை செலவாகிறது. வெறும் மழைநீரில் அந்தச் சேமிப்பே கிடையாது, பி.எச். அளவு சரிந்து, பாக்டீரியாக்கள் சோர்ந்து, அம்மோனியா தேங்கும். கிணற்று நீர் தரும் 4 பாகை அதைத் தாங்கும் முட்டு.

பி.எச். கூடினாலும் ஆபத்துதான். நச்சாவது அம்மோனியா வாயு. அமோனியம் அயனியாக இருக்கும்வரை அது பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. நம் ஊர் வெயிலில் சாதாரணமான 30 பாகை செல்சியஸ் நீரில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 என்றால் அது ஏழரை பங்காகிறது. எனவே தொட்டியை நிறைத்து, வடிகட்டியை ஓடவிட்டு, விளக்கே போடாமல் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதனையில் தெரிந்த பிறகே செடி நட்டு, மீன் விடுவது நல்லது. வெளிச்சம் இல்லாததால் பாசியும் அந்த வாரங்களில் தலைகாட்டாது.

செடி நட்ட பின் கார்பன் பிரச்சினை தொடங்குகிறது. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கார்பன்-டை-ஆக்சைடு இருக்கும். நீருக்குள் அது காற்றில் பரவுவதை விடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், இலையை ஒட்டிய நீரில் தீர்ந்தது தீர்ந்ததுதான். சிலிண்டரிலிருந்து குமிழாக விட்டு 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறோம். அளக்க, கார்பனேட் கடினத்தன்மை 4 பாகையுள்ள கரைசலும் நிறங்காட்டியும் கொண்ட சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று தொட்டிக்குள் தொங்கும். நீலம் என்றால் போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீன் மூச்சுத் திணறும். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிலிண்டரைத் திறந்து, அணைக்கும்போது மூடலாம். எல்.இ.டி. விளக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் முதல் மாதத்துக்குத் தாராளம். முற்றத்து வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைப்பவர் செடி வளர்க்கவில்லை, பாசி வளர்க்கிறார்.

சித்திரை வெயில் மற்றொரு சோதனை. 25 பாகையில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 பாகையில் 7.6 மட்டுமே தாங்கும். குளிரூட்டிக் கருவி விலை அதிகம். நீர்மட்டத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறி காற்றை வீசினால், மண்பானையில் நடக்கும் அதே ஆவியாதல் இரண்டு மூன்று பாகை குறைக்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும்; ஆதலால் குறைந்த மட்டத்தை மழைநீரால் நிரப்ப வேண்டும், கிணற்று நீரால் அல்ல.

இந்தச் சூட்டில், தரைவிரிப்பாக நடும் கியூபாவின் சிற்றிலைச் செடிகளைக் காப்பாற்றுவது பெரும்பாடு. நம் வயல் வரப்பிலும் ஊருணிக் கரையிலும் படர்கிற ஆரைக்கீரையின் குடும்பத்துச் செடிகள் இதற்கு ஏற்றவை. காற்றில் நான்கிலையாக விரியும் ஆரை, நீரில் மூழ்கியதும் பழைய இலைகளை இழந்து, காம்பின் நுனியில் ஒற்றை இலையோடு குட்டையாகத் தளிர்க்கும்; பழைய இலை அழுகுவதைப் பார்த்து, செடி செத்ததென்று பிடுங்கிவிடாதீர்கள். வேர்த்தண்டு மண்ணுக்குள் மெதுவாக ஊர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் சரிவை மூடும். அதற்குள் சுத்தேயிஷி மறைந்திருக்கும். துணைக் கற்களின் அடிப்பாகம் மறையத் தொடங்கும்போது கத்தரிக்கோலை எடுத்தால் போதும்.