41 சதவீதம் என்று சொல்வதற்கு முன்

போன மாதம் வட பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திற்குப் போயிருந்தேன். பாலினச் சமத்துவத் திட்டம் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது, மதிப்பிட்டுத் தாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். முதல் ஸ்லைடு: "பெண்களின் பங்கு 41 சதவீதம்." இந்த வருடம் நான் போன நான்காவது நிறுவனம் இது. நான்கிலும் முதல் ஸ்லைடு இதே மாதிரிதான். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அந்த 41-ஐப் பிரித்துக் கொடுங்கள் என்றேன். ஆய்வு மாணவிகள், ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டுகள், முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிகமாக ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்குகள், அலுவலக ஊழியர்கள் என்று எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். நிரந்தர ஆசிரியர்களை மட்டும் எடுத்தால் 40 பேரில் 6 பெண்கள். அதாவது 15 சதவீதம். மேலே போகப் போகப் பெண்கள் குறைகிறார்கள் என்பதுதானே பிரச்சினையே? எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

சரி, ஆசிரியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா? போதாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 40 பேரில் 6 பெண்கள் இருக்கும் இடத்தில் 8 ஆண்கள் ஓய்வு பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 32. பெண்கள் அதே 6. சதவீதம் 15-லிருந்து 18.75 ஆகிவிட்டது! ஒரு பெண்கூடப் புதிதாகச் சேரவில்லை, ஆனால் அறிக்கையில் அது 'முன்னேற்றம்' என்று ஏறிவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இரண்டு பெண்கள் சேர்ந்து, இரண்டு பெண்கள் விலகினால் சதவீதம் அசையாது. போன அந்த இரண்டு பேர் எதற்காகப் போனார்கள் என்பதுதான் அந்த வருடத்தின் முக்கியமான தகவல். அதைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

பெங்களூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் பாதி தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்து என்ன சொல்ல முடியும்? குழாயில் காவேரி வந்ததா, டேங்கர் அடித்ததா, அடியில் கசிகிறதா என்று பார்க்க வேண்டாமா? பெண்கள் கணக்கும் அப்படித்தான். விண்ணப்பித்தவர்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள், தேர்வானவர்கள், வந்து சேர்ந்தவர்கள், ஐந்து வருடம் கழித்தும் இருப்பவர்கள் என்று ஒவ்வொரு படியிலும் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். விண்ணப்பமே குறைவென்றால் விளம்பரத்தில் இருக்கும் வயது வரம்பைப் பாருங்கள். நேர்காணலோடு நின்றுபோனால், அந்தக் குழு என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

எண்ணிக்கை மறைக்கும் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல. பின்னாளில் உயிர்வேதியியல் அறிஞராகப் பெயர் பெற்ற கமலா சோஹோனி 1933-ல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். பதிவேட்டில் ஒரு பெண் சேர்ந்தார் என்று எழுதி முடித்துவிடலாம். இயக்குநராக இருந்த சி.வி.ராமன் முதலில் மறுத்தார், பிறகு ஒரு வருடம் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடுதான் விட்டார் என்பதை அந்த எண் சொல்லாது.

அடுத்த ஸ்லைடு, சாதனைகள். முதல் சாதனை குழந்தைக் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறுச் சட்டத்தைத் திருத்திச் சொல்லிவிட்டார்கள். சட்டப்படி செய்தாக வேண்டியதைத் திட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள். இருந்தாலும் போய்ப் பார்த்தேன். நல்ல அறை, சுத்தமான பாய், சுவரில் யானைப் படம். வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் இரண்டே குழந்தைகள். வெளியே வந்தபோது ஓர் ஆய்வு மாணவி நின்றிருந்தார். என் தமிழைக் கேட்டதும் 'மேடம்' போய் 'அக்கா' ஆனது. கிருஷ்ணகிரிக்காரர், மூன்று வயதுப் பையன். "செமினார் அஞ்சு மணிக்குக்கா. காப்பகம் அஞ்சரைக்குப் பூட்டிடுவாங்க. நான் செமினாருக்கே போறதில்ல. அப்புறம் ஆர்வம் இல்லைன்னு சார் எழுதிட்டாரு" என்றார்.

நிறுவனத்தின் 62 பக்க அறிக்கையில் இந்த அரை மணி நேரம் எங்கேயும் இல்லை.

இரண்டாவது சாதனை: "பாலியல் துன்புறுத்தல் புகார் எதுவும் இல்லை." தயவுசெய்து இதைச் சாதனை என்று எழுதாதீர்கள். 2013 சட்டப்படி இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கிறது, சரி. ஆனால் அதன் தலைவர் யார் என்று ஐந்து மாணவிகளிடம் கேட்டேன். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. விழிப்புணர்வு சரியாக நடந்த இடத்தில் முதல் ஒன்றிரண்டு வருடம் புகார் கூடினால் பதறத் தேவையில்லை. நம்பிக்கை வந்திருக்கிறது என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். யாரும் பேசவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

ஆய்வு நிறுவனங்களில் பாலினச் சமத்துவத்திற்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கொண்டுவந்த 'கதி' (GATI) திட்டம், பிரிட்டனில் அதே நோக்கத்தோடு 2005-ல் தொடங்கிய அதீனா ஸ்வான் திட்டத்தின் வழியில் வந்தது. நிறுவனம் தன்னைத்தானே எடைபோட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல யோசனைதான். நடைமுறையில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது? இருக்கும் ஆறு பெண் ஆசிரியர்கள் தலையில். படிவம் நிரப்பி, கூட்டம் நடத்தி, அவர்களுடைய ஆய்வுக் கட்டுரைகள் தள்ளிப்போகின்றன. அந்த மணிநேரங்களைக் கணக்கெடுத்துப் பதவி உயர்வில் சேருங்கள். குழுவில் ஆண்களையும் உட்கார வையுங்கள், கையெழுத்துக்கு மட்டும் அல்ல.

திட்டம் தொடங்கும் நாளிலேயே அன்றைய நிலையைப் பதிந்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு, முன்பு எப்படி இருந்தது என்பதை ஞாபகத்திலிருந்து சொன்னால் நான் எதோடு ஒப்பிடுவது? பயிலரங்கிற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு எந்த விதி மாறியது என்று எழுதுங்கள். விலகிப் போனவர்களைத் தொலைபேசியிலாவது கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவர்களை மட்டும் கேட்டால் சமாளித்து நின்றவர்களின் பதில்தான் கிடைக்கும்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். சிறிய துறைகளில், பேட்டி தந்தவரின் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் அடையாளம் மறையாது. 'திருமணமானவர், 35 முதல் 40 வயது, உதவிப் பேராசிரியர்' என்று அட்டவணையில் ஒரு வரி இருந்தால் அது யார் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். பேட்டி முடிந்து எழுந்தபோது ஒரு பேராசிரியை கதவருகே நின்று, "நான் சொன்னதுன்னு தெரியாதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டார். அன்று இரவே அந்த அட்டவணையை எடுத்து, ஐந்து பேருக்குக் குறைவான வரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டுத்தான் படுத்தேன்.