ரவுட்டர் காட்டும் மணியை நம்பலாமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அதன் கிளை என்று வைத்துக்கொள்வோம். நடுவே இணைப்பு அறுந்தால், கோளாறு எந்தப் பக்கம் தொடங்கியது என்பதை இரு ரவுட்டர்களின் லாக்கையும், அதாவது நேரத்தோடு எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவையும், ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று மூன்று நொடி பிந்தியிருந்தாலே எது முந்தி, எது பிந்தி என்று தெரியாது. "மணி சரியாத்தானே காட்டுது தம்பி" என்பார் கடைக்காரர். ஆனால் சரியான நேரம் தரும் சர்வரோடு தொடர்பு விட்டுப்போன ரவுட்டரும் மணி காட்டிக்கொண்டேதான் இருக்கும். ஆபத்தே அங்குதான்.

ரவுட்டருக்குள் ஓடுவது குவார்ட்ஸ் படிகம். வெப்பம் மாறினால் அதன் துடிப்பும் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளுக்குச் சுமார் 1.7 நொடி போய்விடும். இதைத் திருத்தத்தான் டேவிட் மில்ஸ் 1985-இல் வரையறுத்த என்டிபி (NTP) நெறிமுறை. வலை வழியே சர்வரிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை அது.

ரவுட்டர் தன் கடிகாரப்படி 0 மில்லிநொடியில் கேள்வி அனுப்புகிறது. சர்வரின் கடிகாரத்தில் அது 60-இல் சேர்கிறது, பதில் 61-இல் கிளம்புகிறது. ரவுட்டருக்கு அது 21-இல் வந்து சேர்கிறது. போய்வந்த 21-இல் சர்வர் எடுத்துக்கொண்ட 1 போக, பயணம் 20. இரு வழியும் சமம் என்று கொண்டால் ஒரு வழிக்கு 10. அப்படியானால் ரவுட்டர் 50 மில்லிநொடி பின்தங்கியிருக்கிறது. போக 15, வர 5 என்று பாதை கோணலாக இருந்தால் இந்தக் கணக்கில் 5 மில்லிநொடி பிழை புகும். அதை ரவுட்டரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

கண்காணிப்பில் எனக்கு மிகப் பிடித்தது 'ரீச்' என்ற எண். கடைசி எட்டுக் கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்பதை எட்டு பிட்டுகளில் குறித்து, எட்டடிமான எண்ணாக (மூன்று பிட்டுக்கு ஓர் இலக்கம், 0 முதல் 7 வரை) காட்டுவார்கள். எல்லாம் வந்திருந்தால் 377. இப்போதுதான் ஒன்று தவறியது என்றால் 376. பிறகு பதில்கள் ஒழுங்காக வந்தால் 375, 373, 367 என்று அந்த ஓட்டை நகர்ந்து, 177-ஐத் தாண்டி மீண்டும் 377 ஆகும். ஒரே எண்ணில் சற்று முன் நடந்த கதை முழுவதும் இருக்கிறது! ஆனால் இதை மட்டும் நம்பி அலாரம் வைக்கக்கூடாது. 1024 நொடிக்கு ஒருமுறை கேட்கும் ரவுட்டரில் தொடர்பு முற்றாக அறுந்தாலும் ரீச் பூஜ்யமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே ஆஃப்செட், அதாவது கடிகார வித்தியாசம், எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடமாகப் பாருங்கள். மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறோம் என்று சொல்லும் எண் ஸ்ட்ராட்டம். அது 16 என்று வந்தால் ஒத்திசைவே இல்லை என்று பொருள்.

லாக் சரியாக 8 மணி நேரம் தள்ளியிருந்தால் என்டிபி மேல் பழி போடாதீர்கள். அது அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டுமே. 1982 ஜனவரி 1 முதல் மலேசியா கடைப்பிடிக்கும் எட்டு மணி நேரக் கூடுதலை ரவுட்டரில் நாம்தான் அமைக்க வேண்டும்.

சர்வர் எத்தனை வேண்டும்? இரண்டு வைத்தால், அவை முரண்படும்போது எது பொய் என்று தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை தெரியும். நான் நான்கு வைக்கச் சொல்வேன். ஒன்று படுத்துவிட்டாலும் மூன்று மிஞ்சும்.