புதிதாகப் பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி

பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்து என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றித்தான். நியாயமான கேள்வி. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை வருடம் படித்துவிட்டு, மதுரை மாதிரி ஊரில் மாதம் 10,000, 12,000 ரூபாய்க்கு வேலையில் சேரச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: "சாயங்காலத்தை என்ன செய்யப் போறீங்க?"

பலருக்குக் கேள்வியே புரிவதில்லை. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் போனால் புரிந்துவிடும். கழுத்து வலி, முட்டி வலிக்காரர்கள் ஆபீஸ் முடித்துத்தான் வருவார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வரை கட்டில் காலியாகாது. காலையிலோ வீட்டு விசிட். பக்கவாதம் வந்த அப்பாவை, மகன் வேலைக்குக் கிளம்பும் முன்பே வந்து பார்க்கச் சொல்வார்கள். நடுப்பகல் சும்மா கிடக்கும். சம்பளம் போதாது என்று விசிட் பிடிக்கிறோம். விசிட்டால் நாளின் இரண்டு முனையும் போய்விடுகிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் நேரம் நமக்கு வேலை நேரம்.

விசிட் போகாதே என்று சொல்ல மாட்டேன். அங்கே கற்றுக்கொள்வதை எந்த வார்டிலும் கற்க முடியாது. ஆஸ்பத்திரியில் உயரத்தை மாற்றும் கட்டில், தூக்கிவிட ஆள் எல்லாம் உண்டு. வீட்டில் தாழ்ந்த கயிற்றுக் கட்டிலும் வழுக்கும் பாத்ரூமும்தான். பக்கவாதக்காரருக்கு எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டும் என்று வீட்டார் நிற்பார்கள். அவருக்குத் தேவை கட்டிலிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சி, திரும்பத் திரும்ப. அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பாதீர்கள். தோளைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு இறங்கி, தாங்க முடியாத தோள்வலி வந்துவிடும். பாசத்தில் செய்கிறார்கள், பாவம். முதல் நாளே வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று. அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருப்பவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் அதன் மேல் கை வைக்காதீர்கள். உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. "கொஞ்சம் அமுக்கி விடும்மா, சரியாயிடும்" என்று பெரியவர் கெஞ்சினாலும் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

சரி, கிளினிக்குக்கு வருவோம். நம்மூரில் பிசியோ என்றால் "கரண்ட் வைக்கிற இடம்". ஐ.எஃப்.டி., டென்ஸ் என்ற கரண்ட் மெஷின்கள், ஒலி அலையால் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்ட் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கலாம். தசையைப் பலப்படுத்துவது பயிற்சிதான். முட்டித் தேய்மானத்துக்குத் தொடையின் முன்தசை வலுவாக வேண்டும், அதற்குக் கரண்ட் போதாது. ஆனால் முதலாளிகளுக்கு மெஷின் பிடிக்கும். ஒரே பிசியோ நாலு பேரை மெஷினில் போட்டுவிட்டு ஐந்தாவது ஆளைப் பார்க்கலாம். நோயாளியும் தினமும் வருவார். இப்படியே இரண்டு வருடம் வேலை பார்த்த பிள்ளைகளை நேர்காணலில் பார்த்திருக்கிறேன். பட்டனை அழுத்தத் தெரிகிறது, தோளைப் பரிசோதிக்கத் தெரியவில்லை. பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் கரண்ட் வைக்கிறார்கள். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் சூடு வைக்கிறார்கள். சுட்டால்கூட அவருக்குத் தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் சொல்லும்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் பார்ப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். டாக்டர்களுக்கு இருப்பதுபோல் நாடு முழுமைக்குமான கவுன்சில் எங்களுக்கு ரொம்ப நாள் இல்லாமல் இருந்தது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் பிசியோதெரபியை அப்படி ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தது. போர்டு மாட்டியவரெல்லாம் பிசியோ இல்லை.

அப்புறம், உங்கள் உடம்பு. எங்கள் தொழிலில் முதலில் போவது கட்டைவிரல், அடுத்தது இடுப்பு. நாள் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தினால் முப்பது வயதிலேயே அதன் அடி மூட்டு பேச ஆரம்பித்துவிடும். முழங்கையையும் முஷ்டியையும் பயன்படுத்தப் பழகுங்கள். கட்டில் உயரத்தை உங்களுக்கு ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். எண்பது கிலோ மனிதரைத் தனியாகத் தூக்கி வீரம் காட்டாதீர்கள். அவர் இடுப்பில் பெல்ட் போட்டு, வீட்டு ஆள் ஒருவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சில் வேறு ஒரு கஷ்டம். "மசாஜ் பண்ற வேலையா?" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள். கோபப்படாமல் நாலு வரியில் விளக்கிவிடலாம். உண்மையான சிக்கல் ராத்திரி ஒன்பதரை மணிக்கு வீடு திரும்புவது. அதை நிச்சயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள். வீட்டு விசிட்டுக்கு என் கிளினிக் பெண்களுக்கு ஒரு விதி உண்டு: நோயாளியின் வீட்டார் ஒருவர் அறையில் இருக்க வேண்டும், லொகேஷன் எங்கள் குரூப்பில் இருக்க வேண்டும். மனசுக்குச் சரியாகப் படாத வீட்டுக்கு இரண்டாவது முறை போக வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பகல் வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி இருக்கிறது, சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் பிசியோக்கள் வீடு வீடாகப் போகிறார்கள். வெளிநாடு போகிறவர்கள் போகட்டும்; இங்கிலாந்தில் வேலை பார்க்க எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு, அமெரிக்காவில் உரிமம் வாங்க என்.பி.டி.இ. தேர்வு. ஏஜென்ட்டை நம்பிப் பணம் கட்டும் முன் அந்த இணையதளங்களை நீங்களே படித்துவிடுங்கள்.

என் கிளினிக்கில் இப்போது ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு சாயங்காலம் லீவு. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைப் படம் வரைந்து கொடுத்து, எங்கள் முன்னால் நோயாளிகளைச் செய்ய வைத்த பிறகுதான் இந்த லீவு சாத்தியமானது. தினமும் வந்தவர்களில் பலருக்கு இப்போது வாரம் இரண்டு முறை போதும். வருமானம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்திருக்கிறது.