வாய்க்கால் கரையில் ஒரு செடான்: ஒற்றைச் சக்கரம் மட்டும் சுற்றுவது ஏன்?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் ஐந்து பேர். நடுத்தர அளவில் ஒரு செடான் வாங்க ஆசை. ஆனால் எல்லாரும் 'நம்ம ஊர்ச் சேத்துக்கு செடான் தாங்காது, எஸ்யூவி வாங்கு' என்கிறார்கள். போன கார்த்திகை மழையில் மச்சானின் பழைய செடான், பஸ்ஸுக்கு ஒதுங்கிய இடத்தில் வாய்க்கால் கரையில் மாட்டிக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இடது சக்கரம் சேற்றை வாரி இறைக்கிறது. தார் மேல் நிற்கிற வலது சக்கரம் அசையவே இல்லை. இது வண்டியின் கோளாறா?"

கோளாறு இல்லை. கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி, தனக்கு இட்ட வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. காரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது. அதைச் சொல்வதற்கு முன் செடான் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு வண்டிகள். டிக்கி 500 லிட்டருக்கு மேல். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 165 முதல் 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதே விலையில் கிடைக்கும் எஸ்யூவிகளில் இது 190 முதல் 220 வரை. ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் வித்தியாசம். வேகத்தடையில் அடி தட்டாமல் போக அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் சேற்றிலிருந்து வண்டியை வெளியே கொண்டுவருவது உயரம் அல்ல. இந்தச் செடான்களைப் போலவே அந்த எஸ்யூவிகளிலும் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள்தான், அதாவது எஞ்சின் சுற்றுவது முன்சக்கரங்களை மட்டும். உள்ளே இருப்பது அதே டிஃபரன்ஷியல்தான்.

சரி, அது எதற்கு இருக்கிறது?

திருவாரூர்க் கோயிலைப் பற்றி 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்பார்கள். ஐந்து வேலி என்றால் முப்பத்து மூன்று ஏக்கர் சொச்சம். அந்தக் கமலாலயக் குளத்தைக் காரில் ஒரு சுற்று சுற்றி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளத்தை ஒட்டிய சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருளும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே சுமார் ஒன்றரை மீட்டர். வட்டத்தின் சுற்றளவு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: ஆரம் ஒன்றரை மீட்டர் கூடினால் சுற்றளவு 2 × 3.14 × 1.5, அதாவது ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடும். இப்போது உங்கள் தெருப் பிள்ளையார் கோயிலைச் சுற்றி வாருங்கள். அதே 9.4 மீட்டர்தான்! சுற்றும் இடம் பெரிதா சிறிதா, வட்டமா சதுரமா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. மொத்தம் எவ்வளவு திரும்பினோம் என்பது மட்டுமே கணக்கு. இந்த உண்மையை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம் குறைவதில்லை.

நான்கில் ஒரு பங்கு திருப்பத்துக்கு, அதாவது ஒரு தெருமுனைக்கு, 2.4 மீட்டர் வருகிறது. செடானின் டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 2 மீட்டர் போகும். ஆக ஒவ்வொரு தெருமுனையிலும் வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். மாட்டுவண்டிக்கு இது பிரச்சினையே இல்லை. அச்சு அசையாமல் இருக்க, சக்கரங்கள் தம்பாட்டுக்குத் தனித்தனியே சுற்றும். இழுப்பது மாடு, சக்கரம் அல்ல. காரில் சக்கரமே இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒரு டயர் தேய்ந்து இழுபடும். இரண்டுக்கும் விசை போக வேண்டும், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும். இந்த முடிச்சை நீராவி வண்டிக்காக அவிழ்த்தவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர், 1820-களின் இறுதியில்.

அமைப்பு இதுதான். எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பட்டறையில் அதற்கு கிரவுன் என்று பெயர். கிரவுனோடு ஒரு கூடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கூட்டின் குறுக்கே 'பின்' எனப்படும் ஒரு சிறு தண்டு. அந்தப் பின்னில் இரண்டு சிறிய பல்சக்கரங்கள். மெக்கானிக்குகள் ஸ்டார் பினியன் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டார் பினியனும் இடப்பக்கம் ஒரு பல்சக்கரத்தையும் வலப்பக்கம் ஒரு பல்சக்கரத்தையும் ஒரே நேரத்தில் கவ்விக்கொண்டிருக்கும். அந்த இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு தண்டு இடது, வலது சக்கரங்களுக்குப் போகிறது.

நேர்ச்சாலையில் கூடு சுற்றுகிறது, பின்னும் ஸ்டார் பினியனும் கூடவே சுற்றுகின்றன. ஆனால் ஸ்டார் பினியன் தன் பின்னின் மேல் தானாகச் சுழல்வதில்லை. இரு பக்கத்தையும் சும்மா கவ்வித் தூக்கிப் போகிறது. திருப்பம் வந்ததும் உட்சக்கரம் வேகம் குறைகிறது. உடனே ஸ்டார் பினியன் தன் பின்னின் மேல் மெல்ல உருளத் தொடங்குகிறது. உட்பக்கம் இழந்த சுற்று எவ்வளவோ, பல்லுக்குப் பல் அவ்வளவையும் வெளிப்பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. கணினி இல்லை, சென்சார் இல்லை. இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் எப்போதும் கூட்டின் வேகம் வரும். சர்வீஸ் சென்டரில் காரை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டிருக்கும்போது மெக்கானிக்கிடம் ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லிப் பாருங்கள். எதிர்ச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். கூடு நிற்கிறது, சராசரி பூஜ்யம், ஆகவே ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே போயே தீர வேண்டும்.

இப்போது சேற்றுக்கு வருவோம். ஸ்டார் பினியன் வேகத்தைத்தான் பிரித்துப் பிரித்துக் கொடுக்கும், விசையை அல்ல. விசை எப்போதும் இரு பக்கமும் சமம். அது உழவு மாடுகளின் நுகத்தடி மாதிரி: இழுவை நடுவில், மாடுகள் இரண்டு முனையில். ஒரு மாடு தளர்ந்துவிட்டால் நுகத்தடி அந்தப் பக்கம் சாய்ந்து போகும். மற்ற மாடு எவ்வளவு திடமாக இருந்தாலும் அதன் பலம் ஏரில் ஏறாது. களிமண் சேற்றில் வழுக்கும் சக்கரம் துளி விசைகூட எதிர்த்துத் தாங்காது. ஆகவே தார் மேல் இருக்கும் சக்கரத்துக்கும் அதே துளிதான் போய்ச்சேரும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நிலைமை மோசமாகும். கூடு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு உரிய வேகத்தில் சுற்றினால், நிற்கும் சக்கரத்தின் பங்கையும் சேர்த்து வழுக்கும் சக்கரம் 80-ல் சுற்றும். பள்ளம் தோண்டும், பின்னும் ஸ்டார் பினியனும் உரசித் தேயும்.

டெல்டாவில் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல. டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக் என்று இரண்டு பெடல்கள் உண்டு. வயலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால் அந்தப் பக்கத்துப் பிரேக்கை மட்டும் அழுத்துவார்கள். சுற்றுகிற சக்கரத்துக்கு எதிர்ப்பு வந்ததும், அதே அளவு விசை அடுத்த சக்கரத்துக்கும் ஏறிவிடும். அப்புறம் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிட டிஃப் லாக் என்றே ஒரு பெடல் இருக்கிறது.

இன்றைய செடான்களில் டிராக்ஷன் கன்ட்ரோல் செய்வது அந்த டிராக்டர்க்காரரின் கால் செய்கிற வேலையைத்தான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வேக சென்சார் இருக்கிறது. ஒரு முன்சக்கரம் மட்டும் தாறுமாறாகச் சுற்றினால் அதற்கு மட்டும் பிரேக் பிடிக்கும், எஞ்சின் வேகத்தையும் கொஞ்சம் அடக்கும். ஆகவே வாசகருக்கு என் பதில்: செடான் வாங்குங்கள், தாராளமாக. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை, இஎஸ்சியும் (வண்டி சறுக்கித் தடம் மாறாமல் காக்கும் அமைப்பு) டிராக்ஷன் கன்ட்ரோலும் உள்ள வேரியன்ட்டுக்குக் கொடுங்கள். ஷோரூமில் விற்பனையாளர் இதை முதலில் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் சில வாய்க்கால் திருப்பங்களுக்குப் பெயர் கெட்டிருக்கிறது. 'அந்த இடம் சரியில்லை, வண்டியைப் பிடிச்சு நிறுத்துது' என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறார்கள். புது வண்டிக்குப் பழம் நசுக்குவது குடும்பச் சடங்கு, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே இடத்தில் வண்டிகள் மாட்டுவதற்குக் காரணம் அங்கேயே கண்முன் இருக்கிறது. வாய்க்கால் நீர் கசிந்து கரையோரக் களிமண் எந்நேரமும் ஊறிக் கிடக்கிறது. அங்கே ஒரு சக்கரம் ஈரத்தில், ஒரு சக்கரம் காய்ந்த தாரில். முனி மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தக் கசிவை யாரும் அடைக்கப் போவதில்லை. களிமண்ணில் சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தும் முறை பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்ததே. நம் ஊர் மண்ணுக்கு எந்த விகிதம், எத்தனை மழைக்குத் தாங்கும் என்று கிராமச் சாலை ஓரங்களில் வருடக்கணக்கில் சோதிப்பதற்குப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். நாலுவழிச் சாலைக்குக் கொட்டும் பணத்தில் ஓரத் துளி போதும்.

அதுவரை, மச்சானின் பழைய வண்டி மாட்டினால் என்ன செய்வது? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். 'ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே முடுக்கு' என்று யாராவது சொல்வார்கள். பின்சக்கர இழுவை வண்டிக்கு அது பலிக்கலாம். முன்சக்கர இழுவை செடானில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை, ஆகவே பயனில்லை. சணல் சாக்கோ தென்னை மட்டையோ எதுவானாலும், சுற்றுகிற சக்கரத்துக்குக் கீழே போடுங்கள். தாரில் நிற்கிற சக்கரத்துக்குப் பிடி ஏற்கெனவே இருக்கிறது. காய்ந்த வைக்கோல் வேண்டாம், சைலன்சர் சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும். பங்குனியில் ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடி மேல் செடானை ஓட்டாமல் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஊரிலிருந்து அரிசி மூட்டைகள் ஏற்றி வருகிறீர்கள் என்றால் அவற்றை டிக்கியிலிருந்து இறக்கிவிடுங்கள். பின் அச்சுக்கும் பின்னால் வைக்கிற பாரம் வண்டியின் மூக்கைத் தூக்கும், இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் அழுத்தம் குறையும். முடிந்தால் ஆட்கள் இரண்டு பேர் பானெட்டின் மேல் கையை ஊன்றி அழுத்தட்டும், நீங்கள் மெல்லப் பின்னோக்கி எடுங்கள். வந்த தடம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும்.

பழைய செடான் வாங்குவதாக இருந்தால் காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக இரு பக்கமும் வட்டம் அடித்துப் பாருங்கள். முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து சேறு புகுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். கிழிசலை முதலிலேயே பார்த்தால் உறையையும் கிரீஸையும் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.