பிரெஞ்சு பிரஸ்: பெயரில்தான் அழுத்தம்

காபித் தூளை வெந்நீரில் ஊறவைத்து, தண்டில் மாட்டிய சல்லடைத் தட்டை இறக்கிச் சக்கையைப் பிரிக்கிற குடுவைக்கு ‘பிரெஞ்சு பிரஸ்’ என்பது வட அமெரிக்காவில் வழங்கும் பெயர். பிரான்ஸில் அதையே ‘கஃபெத்தியேர் ஆ பிஸ்தோன்’ என்பார்கள், அதாவது பிஸ்டன் வைத்த காபிக் குடுவை. இங்கிலாந்துக்காரர்கள் வாலை வெட்டிவிட்டு ‘கஃபெட்டியர்’ என்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் ‘பிளஞ்சர்’. சரி, பிரெஞ்சாவது உண்மையா என்றால் பாதிதான். 1852இல் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் பிரான்ஸில் காப்புரிமை வாங்கினார்கள், ஆனால் இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்கு நெருக்கமானது 1929இல் இத்தாலியர்களான கலிமானியும் மொனேட்டாவும் காப்புரிமை வாங்கியதுதான்.

பிஸ்டன் என்ற சொல்லும் இத்தாலியிலிருந்து வந்ததே. வேர் ‘பெஸ்தாரே’, இடிப்பது. உலக்கைக்கான ஆங்கிலச் சொல்லும் இதற்குப் பங்காளி. இலங்கைத் தமிழில் பிஸ்டனுக்கு வழங்கும் சொல் முசலம், அதற்கும் பொருள் உலக்கைதான்! அப்படியானால் ‘உலக்கைக் காபி’ என்று பெயர் வைத்துவிடலாமே என்று கை பரபரக்கும். வைக்கக் கூடாது, ஏனென்றால் இந்தக் குடுவையில் எதையும் இடிப்பதும் இல்லை, உண்மையில் அழுத்துவதும் இல்லை. சுவை முழுக்க ஊறும்போதே இறங்கிவிடுகிறது, சல்லடைத் தட்டு செய்வதெல்லாம் சக்கையைக் கீழே தள்ளி நிறுத்துவதுதான்.

எளிய முறை இதுதான்: ரவைப் பதத்தில் அரைத்த தூள் 30 கிராம், கொதித்து அடங்கிய நீர் அரை லிட்டர், 4 நிமிடம், தட்டை இறக்கு, ஊற்று. கொஞ்சம் மெனக்கெடுகிறவர்கள் 4 நிமிடத்தில் மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் உடைத்து, நுரையை வழித்தெடுத்து, இன்னும் 5 நிமிடம் மண்டி அடியில் படியக் காத்திருந்து, அப்புறம் தட்டை காபியின் மேல்மட்டத்தோடு நிறுத்திவிட்டு ஊற்றுவார்கள், அதாவது பிரஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு பிரஸ்ஸே செய்யாத முறை. அந்தக் கோப்பையில் வண்டல் குறைவு, குடித்தால் தெரியும். நான் முதல்முறை ஃபில்டருக்கு வாங்கிய நைஸ் தூளைப் போட்டு, தட்டு இறங்க மறுக்கவும் பலம் கொடுத்து அமுக்க, குடுவையின் மூக்கு வழியாகக் காபி பீறிட்டு மேசைவிரிப்பு போயிற்று. பெயரை நம்பியதால் வந்த வினை.

ஆகவே தமிழில் பெயர் வைப்பதென்றால் என் ஓட்டு ‘ஊறல் குடுவை’க்கு. ஊறல் என்றதும் சாராயம் காய்ச்சுகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள்தான், வரட்டும்.

நிஜமாகவே அழுத்துகிற கருவி ஏரோபிரஸ். ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2005இல் கொண்டுவந்தது, பெரிய ஊசிக்குழல் மாதிரி இருக்கும். அவர் சொன்ன முறை படு எளிது: 80 டிகிரி நீர், 10 வினாடி கலக்கல், மெதுவாக ஓர் அழுத்து. 2008இல் ஆஸ்லோவில் இதற்கு உலகப் போட்டியே தொடங்கி, ஆளுக்கொரு சூத்திரம் வந்துவிட்டது. குழலைத் தலைகீழாக நிறுத்தி ஊறவைத்துக் கடைசியில் கோப்பை மேல் புரட்டுவது அதில் பிரபலம். வெந்நீரோடு விளையாடுகிற வேலை, தூக்கக் கலக்கத்தில் வேண்டாம். முறுக்குக் குழலில் மாவைப் பிழிகிற அதே கை அசைவு இதில் இருப்பதால் ‘பிழிகுழல்’ என்றால் எந்தப் பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படாது.