குழந்தையின் மஞ்சள் இன்னும் போகவில்லையா? ஒரு வெள்ளியும் ஒரு கடிதமும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் பாட்டிமார் முதலில் சொல்வது, "காலை வெயில்ல காட்டு, போயிடும்." பெரும்பாலும் அது தானாகவே போய்விடும், நல்ல பெயர் வெயிலுக்கு. இங்கே பேச்சு போகாத மஞ்சளைப் பற்றி.

நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள், குறைமாதக் குழந்தைக்கு 21 நாள். அதற்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். நாள் கணக்கு எப்படி இருந்தாலும் நாப்பியைப் பாருங்கள். மலம் வெள்ளைக் களிமண் போல வெளுத்து, மூத்திரம் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் கறை பிடித்தால் அன்றைக்கே கிளம்பவேண்டும். மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். அது குடலுக்கு இறங்காவிட்டால் கல்லீரலில் தேங்கி அதையே கெடுக்கும். பித்தக்குழாய் அடைப்பு என்ற அரிய நோய் இப்படித்தான் தொடங்குகிறது. குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இதற்குக் கசாய் என்ற அறுவை சிகிச்சை இருக்கிறது: கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டுக் குடலை நேராகக் கல்லீரலோடு இணைப்பார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதித்தால் கல்லீரல் மாற்று வரை போகலாம்.

சரி, எங்கே போவது? பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடமே, அதாவது தாதியிடமே, சொல்லலாம். இல்லையென்றால் அரசாங்க கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கே மருத்துவர் கொடுக்கும் கடிதம்தான் முக்கியம். அதைக் கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தை நிபுணரைப் பார்த்தால் முதல் முறை இலவசம், அடுத்தடுத்து 5 வெள்ளி. தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் முறைக்கே 30 வெள்ளி. முன்பதிவு ஒரு மாதம் தள்ளிக் கிடைத்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "மலம் வெளுத்திருக்கு டாக்டர், இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

நுரையீரல் விஷயத்திலும் நமக்கு இதே அசட்டைதான். நான்கு வாரத்துக்கு மேல் விடாத சளி இருமலை "பழகிப்போன சளி" என்று விட்டுவிடுகிறோம். அதோடு எடை கூடாமல், மலம் எண்ணெய்ப் பிசுக்காக நாறினால், வியர்வையில் உப்பை அளக்கும் பரிசோதனை தேவையா என்று நிபுணர் முடிவு செய்வார். அந்தப் பரிசோதனை தேடுவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயை. அது நம் பக்கம் அரிது, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

மருத்துவமனையில் கிடைக்காத மருந்தையோ கருவியையோ வாங்கச் சொன்னால் கடனுக்கு ஓடவேண்டாம். அங்கேயே மருத்துவச் சமூகப் பணி அதிகாரி இருப்பார், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் மூலம் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

மேலே சொன்ன கட்டணமெல்லாம் குடிமக்களுக்கு. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. தீபகற்பத்தில் பிறப்பைப் பதியவும் 60 நாள்தான் கெடு, அதைத் தள்ளிப்போடாதீர்கள். புறப்படும்போது பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் (குழந்தையின் அடையாள அட்டை), குழந்தையின் சுகாதாரப் புத்தகம், அப்புறம் வெளுத்த மலம் உள்ள நாப்பி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் போதும்.